அக்காவின் நாற்பத்தொரு பதிவுகள்

…பேர் எதுக்கு, எல்லாரும் கூப்பிடுற மாதிரி சின்னவன்னே இருக்கட்டும், வயசு இருபத்துமூணு, கிடங்குல பெட்டி அடுக்குற வேலை, இப்ப உக்காந்திருக்கிறது அனுமதி ஆபீஸ் மூணாவது மாடி, ஜன்னலோர நாற்காலி… என்று போனை வாயோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தான், அவன் பேசப் பேசப் போன் அதை எழுத்தாக்கிக்கொண்டே போனது, தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு வீட்டுக்கெல்லாம் இப்படியே பேசி அனுப்பிப் பழகியவன், ஆனால் இது வீட்டுக்கு இல்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் போனைத் திறந்து பார்க்கப்போகிறவருக்கு. மடியில் படிவம் கிடந்தது. போனைத் திறக்கும் கடவு எண்ணைக் கொடுத்து, அதை இரண்டு நாள் சோதனைக்கு ஒப்படைக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் தங்கும் அனுமதி நீளாது, பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த புதுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லோருக்கும். தப்பென்று சொல்ல வாய் வருமா? கூட ஒரே அறையில் இருக்கும் டிரைவருக்கு அந்த வெடியில் ஒரு காது போயிற்று, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லார் போனையும் நோண்டிப் பாருங்கடா, எவன்னு தெரியட்டும் என்று கத்தியது வேறு யார், இவன்தானே… அந்த எல்லாருக்குள் அக்காவும் வருவாள் என்று அன்றைக்கு யார் கண்டது?

போனுக்குள் அக்கா நாற்பத்தொரு குரல் பதிவுகளாக இருந்தாள். அத்தான் கத்துவதை, கதவை வெளியே பூட்டும்போது சொல்லிவிட்டுப் போவதை, அவர் போன பிறகு அவள் அழுவதை, எல்லாம் பதிந்து இவனுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் உடனே அழித்துவிடுவாள், சாயங்காலம் ஆனால் அத்தான் அதை வாங்கி ஒன்றுவிடாமல் பார்ப்பார். "உங்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரிடா. வக்கீலம்மா கேக்கிற வரைக்கும் பத்திரமா வச்சிரு, ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது." அழித்துவிட்டால்? வழக்குக்கு அவள் கையில் வேறு என்ன இருக்கிறது… வேறெங்காவது ஏற்றி வைத்தாலும் அதைத் திறக்கும் சாவியும் இந்தப் போன்தான். அவளையே கேட்கலாமென்றால் கேள்வியை அத்தான் அல்லவா படித்துவிடுவார். அரசாங்கம் கேட்டுவிட்டுப் போகட்டும், உள்ளே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற அதிகாரி அம்மாளுக்கு அக்கா யார், அத்தான் யார், ஒரு வார்த்தை புரியப்போவதில்லை, புரியவைக்க நம் பாஷைக்காரர் ஒருவர் வேண்டும், அந்த ஒருவர்… ரேடியோ.

ரேடியோ என்பது பட்டப்பேர், அத்தானோடு ஆறு வருஷம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர், இன்றைக்கும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறவர், இங்கே மொழிபெயர்ப்பாளர். கதவைத் திறந்துகொண்டு இதோ அவரே வருகிறார்.

"என்னடா சின்னவனே, போன்ல என்ன மந்திரம் ஓதுற? லவ்வா?"

"அய்யோ, இல்லண்ணே."

"பின்ன ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஒளிக்க ஒண்ணும் இல்லல்ல? ஆமா, உங்க அத்தான் நேத்துகூடப் பேசினாரு. தங்கமான மனுஷன்டா அவரு."

இருக்கிறது, ஒளிக்க இருக்கிறது, தப்புதான் இல்லை… வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அதிகாரியிடம் கேட்டால் என்ன, ஆனால் கேட்கிற பாஷை இவனுக்கு வராதே, அதையும் ரேடியோவிடம்தான் சொல்ல வேண்டும், அண்ணே, எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல, இத அந்தம்மாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க என்று… சிரிப்பு வந்தது. போனிலேயே மொழிமாற்றிக் காட்டினாலும் அந்த அம்மாள் படித்துவிட்டு முதலில் ரேடியோவைத்தான் திரும்பிப் பார்ப்பார். யார் தலைக்குச் சாயம் பூசுகிறான், யார் மாமியாரோடு பேசுவதில்லை, எல்லாம் ரேடியோ ஒலிபரப்பி ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால்… இந்தச் சட்டம் வந்து இரண்டு மாதம், கிடங்கில் மட்டும் முப்பது பேர் போன் அவர் காதுக்குள் போய்வந்திருக்கும், அந்த முப்பதிலிருந்து ஒரு கதை, ஒரே ஒரு கதை வெளியே வந்ததா? கிளறிக் கிளறிப் பார்த்தான், வரவில்லை. அப்படியென்றால் இந்தக் கதவுக்குள் போனால் அவர் வேறு ஆளா? இல்லை, கதை யாரைப் பற்றியதோ அந்த ஆள் காதுக்கு மட்டும் எட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதா, அந்த முப்பது பேரும் ஒன்றும் வெளியே வரவில்லை என்று இவனைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களா…

"வாடா, அந்தம்மா கூப்பிடுறாங்க. பயப்படாத, நான் இருக்கேன்ல," என்று தோளைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தார். இவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான், எண்ணை எழுதினான், எழுந்தவன் நின்றபடியே போனை மறுபடி வாயருகே கொண்டுபோனான். அண்ணே, நீங்கதான் இதப் படிப்பீங்கன்னு தெரியும். அக்கான்னு இருக்கிறத முழுசாக் கேளுங்க, பாதியில நிறுத்தாதீங்க. கேட்டதுக்கு அப்புறம் அத்தான் கூப்பிட்டா, அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க.