சரிவில் நிற்காத கலவை

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் அது. வாசலில் முந்தின நாள் மதியம் ஊற்றிய கான்கிரீட்டில் ஆந்தை விரலை வைத்துப் பார்த்தான். விரல் முழுசாக உள்ளே போனது. வெளியே எடுத்தால் சாம்பல் நிறக் கூழ் வழிந்தது. மேலே மெல்லிசாகத் தண்ணீர் தேங்கி நின்றது. அவன் விரலைச் சுவரில் துடைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தான். அப்போதே அலுத்துவிட்டது.

ஹாலோபிளாக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் ஆந்தை. வேலையை விட்டுவிட்டான். பெயர் விடவில்லை. போன தூக்கமும் திரும்பி வரவில்லை.

விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் வந்தவன் போனவன் எல்லாம் அவளைத் தூக்கினான், புரட்டினான், கிடத்தினான். அதிலேயே அவள் வெறுத்துப்போனாள். "வீட்டுக்குள்ள நானே சக்கரத்தை உருட்டிக்கிட்டு வருவேன். எவனும் என்னைத் தூக்கக் கூடாது. வாசப்படி மேல சரிவு போட முடியும்னா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இங்கயே கிடக்கறேன்" என்றாள். அக்கா புருஷன் பேந்தப் பேந்த விழித்தார். ஆந்தைதான் முந்திக்கொண்டு, "நான் போடறேன்க்கா" என்று வாயைக் கொடுத்தான்.

வேலை தெரியாதவனில்லை. கம்பெனியில் கலவைக்கு பிளாஸ்டிசைசர் என்ற கெமிக்கலைச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறான். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு அதைச் சேர்த்தால் கலவையும் இளகும், கல்லும் பலமாக வரும். ஆனால் அங்கே அளந்து ஊற்றியது மெஷின். இங்கே இருந்தது ஒரு இரும்புத் தட்டும், மண்வெட்டியும், மாமாவும்தான். வழக்கம்போலத் தண்ணீரை வாளி வாளியாக விட்டுவிட்டு, அப்புறம்தான் கெமிக்கல் ஞாபகம் வந்தது. ஊற்றினான். கலவையில் உடனே ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"என்ன மச்சான், செத்துப்போன கெமிக்கலா பாத்து வாங்கிட்டு வந்தியா?"

"கிளறுங்க மாமா. கிளறினாத்தான் வேலை செய்யும்."

"எனக்குத் தோள்பட்டையே கழண்டுடும்போல இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தித் தொலையேன்."

இன்னும் கொஞ்ச நேரம் கிளறியிருக்க வேண்டும். அவனுக்கும் கை விட்டுப்போயிருந்தது. ஊற்றித் தொலைத்தான். கொஞ்ச நேரத்தில் முன்னே ஊற்றியதும் பின்னே ஊற்றியதும் சேர்ந்து வேலையைக் காட்டின. கலவை கண்ணெதிரே இளகி ஓடியது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! வெண்ணெய்டா!"

அந்த வெண்ணெயைக் கொண்டுபோய் வாசலில் அடித்திருந்த பலகைப் பெட்டிக்குள் கொட்டினார்கள். பலகையில் வாசப்படியிலிருந்து தெரு வரைக்கும் சாய்வாகப் பென்சில் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டோடு கலவை நின்றால் சரிவு. அது நிற்கவில்லை. கொத்துக்கரண்டியால் மேலே இழுத்துவிட்டால், திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே போய் உட்கார்ந்தது. கடைசியில் தொட்டித் தண்ணீர் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மட்டமாகப் பரவிக்கொண்டது. பென்சில் கோடு பாதி கலவைக்கு மேலே, பாதி உள்ளே.

"இறுகும்போது சரியாயிடும்" என்றார் மாமா.

எது எப்படிச் சரியாகும் என்று ஆந்தை கேட்கவில்லை. அப்போதே அள்ளிப்போட்டுவிட்டுக் கெட்டியாகக் கலந்திருக்கலாம். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இப்போது அக்காவை ஏற்றிக்கொண்டு வேன் வந்து நின்றது. டிரைவர் வேனோடு பிணைத்திருந்த பலகையைச் சாய்த்து சக்கர நாற்காலியை இறக்கினார். அக்கா தானே உருட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

"என்னடா இது, மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா?"

"சரிவுக்கா."

"எந்தப் பக்கம் சரியுது?"

மாமா தொண்டையைச் செருமினார். "கெமிக்கல் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு..."

"நீங்க பேசாதீங்க. ஊத்து ஊத்துன்னு பக்கத்துல நின்னு சொன்னது நீங்களாத்தான் இருக்கும். டேய், இது எப்ப காயும்?"

"தெரியலக்கா." ஆந்தை தலையைச் சொறிந்தான். "காஞ்சாலும் உதவாது."

வேறு வாசல் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவள் விட்டுவந்த கட்டிலில் இந்நேரம் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். வெயில் அவள் மடியில் விழுந்தது. டிரைவர், "அம்மா, எனக்கு அடுத்த சவாரி இருக்கு" என்றார். போகச் சொன்னாள். வேன் தெரு முனையில் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலியோட தூக்குங்க. என்மேல கை படக் கூடாது. பேசவும் கூடாது."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கால் வைக்கக் கலவையை விட்டால் வேறு இடமில்லை. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் இறங்கியது. மாமாவின் ஒரு செருப்பை அது வாங்கிக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது அக்கா கைப்பிடியை இறுக்கினாள். அவள் தாடை மட்டும் ஆடியது. ஆந்தை அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

உள்ளே இறக்கியதும் நாற்காலியை அவளே திருப்பி வாசலைப் பார்த்து நிறுத்தினாள்.

"முதல்ல காலைக் கழுவுங்க ரெண்டு பேரும், சிமெண்ட்டுல தோல் வெந்துடும். அப்புறம் அதை அள்ளு. கல்லாயிட்டா உடைக்க உனக்குத் தெம்பு கிடையாது."

"அள்ளிட்டு?"

"செங்கல்லை அடுக்கி மேல கெட்டியாப் பூசு. கோடு போடத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? அந்த கெமிக்கலைப் பக்கத்துலயே கொண்டுவராத. நாளன்னைக்கு டாக்டர்கிட்ட போகணும். மறுபடி தூக்கினா நான் போகமாட்டேன்."

"சரிக்கா."

மாமா கம்பை விட்டுச் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். ஆந்தை காலைக் கழுவிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான். இறுகாததால் அது சுலபமாக இறங்கியது. தூக்கும்போதுதான் கனத்தது. பாதி வழிந்து மறுபடி உள்ளேயே விழுந்தது. அவன் அடுத்ததை அள்ளினான்.