நீலத்தாளில் மங்கம்மாள்

படத்திலிருந்த அவரைக்கொடி காய்த்த அன்று அங்கே இருந்தவர்கள்: படத்தைச் செய்த செல்லம்மா, அவள் புருஷன் சின்னராசு, சின்னராசுவின் அண்ணன் லட்சுமணன், படம் வாங்க வந்த ஆலங்காயத்துக் கடைக்காரர் அருணகிரி, வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட லட்சுமணனின் மனைவி மங்கம்மாள். அருணகிரி தாளிலிருந்து ஒரு கொத்தைப் பறித்து, ஒரு காயைக் கடித்துப் பார்த்து, கொஞ்சம் இரும்பு வாடை அடிக்கிறது, மற்றபடி குறையில்லை என்றார். படத்தோடு காயையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ரோடு போட வந்தவர்களிடம் சின்னராசு சில வருஷம் எடுபிடியாக இருந்தான். அவர்கள் வரைபடங்களை நீலத்தாளில் பிரதி எடுப்பதைப் பார்த்து வந்து பெண்டாட்டிக்குச் சொன்னான். இரண்டு வகை உப்பைக் கரைத்து, பொழுது சாய்ந்தபின் தாளில் பூசி உலர்த்த வேண்டும். மறுநாள் அதன்மேல் இலையையோ காயையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயில் காட்டித் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். காய் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். செல்லம்மாவுக்கு அது கைவந்துவிட்டது. சாமைக்கதிர், பூசணிப்பூ, சுண்டைக்காய் என்று தோட்டத்தில் விளைந்ததையெல்லாம் தாளில் ஏற்றினாள். தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆனால் கொத்தியது, விதைத்தது, பன்றி விரட்டியது எல்லாம் மங்கம்மாள். செல்லம்மா அறுவடையன்று கூடையோடு வருவாள். ஊர் செல்லம்மாவின் தோட்டம் என்று சொல்ல ஆரம்பித்தது. மங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. மண்ணிலிருந்த கொடி கருகிப்போனது, தாளிலிருந்தது காய்த்தது. அதற்குமேல் மங்கம்மாளால் பொறுக்க முடியவில்லை. கிணற்றடியில் எஞ்சியிருந்த காய்களையெல்லாம் பறித்துக்கொண்டு போய் ஓரகத்தி முன்னால் கொட்டினாள்.

"காய் என்னுது. அதுல நானும் இருக்கணும்."

"படுத்துக்கோக்கா," என்றாள் செல்லம்மா. வரைபடம் எடுக்கும் ஆள்நீளத் தாள் ஒன்று, மருந்து பூசியது, மிச்சமிருந்தது. மங்கம்மாள் அதில் மல்லாந்து படுத்தாள்; அவளைச் சுற்றிச் செல்லம்மா காய்களை அடுக்கினாள். எழுந்தபோது மங்கம்மாளுக்கு நிழல் இல்லை. அது தாளிலேயே தங்கிவிட்டது. மலையில் நிழல் இல்லாதவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாளில் தங்கியவள் வேலைக்காரி. விடிவதற்குள் எழுந்து களை பறிப்பாள், தண்ணீர் பாய்ச்சுவாள். நீலத்துக்குள் பூசணி உருண்டது, சாமை தலை சாய்ந்தது. அத்தனையும் செல்லம்மாவின் கூடைக்குப் போயிற்று. பங்கு கேட்கப் போனவள், கூலியில்லாத ஒரு ஆளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். போதாததற்கு லட்சுமணன் சாயந்திரமானால் தம்பி வீட்டுக்குப் போய்ப் படத்தின் எதிரே உட்கார்ந்துகொண்டான்.

"அங்க இன்னாத்தப் பாக்குற?"

"உன்னத்தான் பாக்குறேன். அது வாயத் தொறக்காம வேலை செய்யுது."

தன் மேலேயே பொறாமைப்படுவது எப்படி இருக்கும் என்று மங்கம்மாள் அந்த வருஷம் தெரிந்துகொண்டாள். தாளிலிருந்தவளுக்கு வயது ஏறவில்லை, குதிகால் வெடிக்கவில்லை. ஒருநாள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தபோது படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாய்ச்சிய தண்ணீரில் தாள் சொதசொதவென்றிருந்தது. புளியோ கொள்ளோ, மலையில் எதையும் பாறையில் நன்றாகக் காயவைக்காமல் உள்ளே எடுத்து வைப்பதில்லை. இதையும் பாறையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தாள். பூஞ்சணம் பிடித்துவிடக்கூடாதே என்று சித்திரை வெயில் முழுக்க அங்கேயே விட்டுவைத்தாள்.

நீலம் வெளுத்தது. வெளுக்க வெளுக்க, தாளிலிருந்தவள் எங்கே முடிகிறாள், தாள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. மங்கம்மாளும் வெளுத்தாள். அவள் வழியாகச் சுவரின் விரிசல் தெரிந்தது. லட்சுமணன் காலியிடம் என்று நினைத்து அவள் மடியில் சொம்பை வைத்தான். கூப்பிட்டால் குரல் மட்டும் வந்தது, அதுவும் அடுத்த வீட்டில் பேசுவதுபோல.

வேறு வழியில்லாமல் செல்லம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் தாளைத் தூக்கிப் பார்த்தாள். திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே மங்கம்மாளுக்கு எரிந்தது.

"வெயில்ல போன நீலம் இருட்டுல திரும்பிடும்க்கா. ஆனா நெறம் பாதி உங்கிட்ட, பாதி அதுங்கிட்ட. ரெண்டு பேரும் சேந்து உள்ள இருக்கணும்."

"எத்தினி நாளு?"

"நெறம் வர்ற வரைக்கும்."

"அதுவரைக்கும் தோட்டத்த யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கிறேன். நீ போ."

மங்கம்மாள் ஓரகத்தியின் கைகளைப் பார்த்தாள். மருந்துக்கறை படிந்த நகங்கள், ஒரு காய்ப்பு இல்லை. அந்தக் கை தன் மண்வெட்டியைப் பிடிக்கப்போகிறது. கரைந்துபோனாலும் பரவாயில்லை என்று கொஞ்சநேரம் நின்றாள். அப்புறம் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாமை கொட்டும் உள்ளறைக்குள் போனாள். செல்லம்மா கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.