அழகுராஜாவின் டாக்டர்கள்

அழகுராஜாவின் பேய்க்கதைகள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை மாதிரி விற்கும். அவருக்குச் சிம்மக்கல்லில் சொந்த வீடு, கார், போகிற இடமெல்லாம் செல்ஃபி. ஆள் என்னவோ பேயை நம்பாத பேர்வழி. தும்மினாலே டாக்டரிடம் ஓடுவார். அவர் நாவலில் வரும் டாக்டர்களுக்குத்தான் நேரம் சரியில்லை. பாதிக் கதையில் ஒருவர் வந்து, பேயாவது பிசாசாவது என்று சிரித்து, பேய் பிடித்த பெண்ணுக்கு ஊசி போடுவார். அந்தப் பெண் செத்துப்போவாள். அடுத்த பெண்ணைக் கோடாங்கி வந்து உடுக்கடித்துக் காப்பாற்றுவார். வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது, அதனால் அவரும் மாற்றவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த தங்கை ஜெயக்கொடி ஒருநாள் காலையில் போன் செய்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் சுபலட்சுமிக்குச் சில நாளாகவே காய்ச்சலாம். நேற்றிலிருந்து கைகால் வெட்டி இழுக்கிறதாம்.

“நீ எழுதுனது எம்புள்ளைக்கே வந்துருச்சுண்ணே!”

அழகுராஜா காரை விரட்டினார். வாசலில் கோடாங்கி வெள்ளைத்துரை உடுக்கையோடு உட்கார்ந்திருந்தார். இவர் திட்ட வாயெடுப்பதற்குள் அவரே எழுந்து வந்தார்.

“என்னய வையாதீங்கண்ணே. இது காத்துக்கருப்பு இல்ல, ஆசுபத்திரிக்குத் தூக்குங்கன்னு நேத்தே சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாக.”

அழகுராஜாவுக்குப் போன உயிர் திரும்பியது. கோடாங்கியே சொன்ன பிறகு என்ன தயக்கம்?

“அவரு பயப்படுறாரு மச்சான்” என்றான் தங்கை புருஷன் உக்கிரபாண்டி. “பேய் பெருசுன்னா கோடாங்கி மொதல்ல நழுவுவாருன்னு நீங்கதான எழுதியிருக்கீக?”

“அம்புட்டும் பொய் மாப்ள! வயித்துப்பாட்டுக்கு எழுதுனது!”

“பேயக் கண்டவரு கண்டேன்னு ஒத்துக்கிற மாட்டாரு. அதையும் நீங்கதான் எழுதுனீக.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடப்போவது தங்கச்சி மகள். அழகுராஜா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். உக்கிரபாண்டியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். கோடாங்கியும் கூடச் சேர்ந்து கெஞ்சியதில் அவன் ஒருவழியாக வழிவிட்டான்.

ஸ்ட்ரெச்சரைக் கண்டதும் சுபலட்சுமி கட்டில் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் கை அடுப்பாய்ச் சுட்டது.

“வேணாம் மாமா. ஊசி போட்டா செத்துருவேன்.”

“ஒண்ணும் ஆகாதுடா தங்கம்.”

“உங்க கதை ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன் மாமா. ஊசி போட்டவுக யாருமே பொழைக்கல.”

விரல் விரலாகப் பிரித்துத்தான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. மதுரை வரைக்கும் மாமாவின் சட்டையைப் பிடித்தபடி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். மத்தியானம் ஒரு டாக்டர் வெளியே வந்து, மூளைக்காய்ச்சல் என்றும், நேற்றே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். சுபலட்சுமி போய்விட்டாள்.

டாக்டர் சொன்னது உக்கிரபாண்டியின் காதில் ஏறவே இல்லை. “ஊசி போட்டாக, போயிருச்சு” என்பதையே சொல்லிச் சொல்லி அழுதான். அழகுராஜா வாயைத் திறந்து பார்த்தார். எதைச் சொன்னாலும் அது தன் கதையாகவே வந்து நிற்கும் போலிருந்தது. தங்கை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

ஜெயக்கொடி அவரைத் திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் இன்னமும் கிடைத்துவிடும் என்பதுபோலக் கேட்டாள்.

“ஒரே ஒரு கதையிலயாச்சும், ஊசி போட்ட புள்ள பொழச்சுக்கிருச்சுன்னு எழுதியிருக்கக் கூடாதாண்ணே?”