தளத்துக்கு அடியில் ஒரு ஜாயின்ட்

குழாய்க்காரர் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனை தளத்தின்மேல், மறுமுனை அவர் காதில். குளியலறை வாசலில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, முழம் முழமாக நகர்ந்து சமையலறைக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர், கசிவு எங்கே வேண்டுமானாலும் இருந்து தொலையட்டும், அந்த மூலையில் மட்டும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் என்றால் சாதாரண வீட்டுக்காரர் இல்லை. நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவர். இதையும் அவரே கட்டினார். ரசமட்டம் என்பது அவருடைய பட்டப்பெயர். தரை சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் அந்தக் குமிழிக் கருவி இல்லாமல் அவர் வெளியே இறங்கியதே இல்லை. கல்யாணத்தன்று உட்காரச் சொன்ன பெஞ்சின்மேலும் அதை வைத்துப் பார்த்தாராம். பெஞ்சு ஒரு நூல் சாய்ந்திருந்ததாம். மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நல்லவேளை, என் தலைமேல வச்சுப் பாக்கல!"

அவள் இப்போது வீட்டில் இல்லை. ஒன்பது மாதமாக, மனசு சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இருக்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது இந்தத் தரைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "என்னங்க, தரைக்கு அடியில தண்ணி ஓடற மாதிரி இல்ல?" என்று கேட்டாள். ரசமட்டம் சிரித்தார். தன் தளத்துக்கு அடியிலாவது, தண்ணீராவது! "எலி ஓடியிருக்கும்" என்றார். எலி தினமும் ஒரே இடத்தில் ஓடுமா என்று அவள் கேட்பதற்குள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் மொட்டைமாடித் தொட்டி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகத் தொடங்கியது. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் அடி தெரிந்தது. "குழாயைத் திறந்து போட்டுட்டு மறந்துடற" என்று அவர் திட்டினார். அவள் முதலில் எதிர்த்துப் பேசினாள். பிறகு, நான்தான் மறந்துவிட்டேனோ என்று யோசித்தாள். பிறகு ஒவ்வொரு குழாயாகப் போய்த் திருகிப் பார்க்க ஆரம்பித்தாள். படுக்கப் போகுமுன் நாலு தடவை, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து இரண்டு தடவை. வந்துபோன மகள் இதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். இல்லாத சத்தம் கேட்கிறது, செய்த காரியத்தையே திரும்பத் திரும்பச் செய்கிறார் என்று டாக்டர் எழுதினார். எழுதியது ஒன்றும் பொய்யில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். தரை செய்த தப்பு அவள் தலையில் விடிந்தது.

கடைசியில் ஒரு நாள் ரசமட்டம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அவருடைய சுத்தியலையும் உளியையும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் சமையலறை மூலையில் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. ஒரு ஓடு சுக்குநூறாகிக் கிடந்தது. "வாங்க, காதை வச்சுப் பாருங்க. ஒரே ஒரு தடவை பாருங்க" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் குனியவில்லை. உளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார். அடுத்த வாரமே அவளை விடுதியில் சேர்த்தாயிற்று. வந்த கையோடு அந்தப் பள்ளத்தில் சிமெண்ட் பூசி மட்டமாக இழுத்துவிட்டார்.

ஆனால் அவள் போன பிறகும் தொட்டி காலியானது. குழாயைத் திறந்து போட வீட்டில் ஆள் இல்லை. அப்படியும் அவர் ஒன்பது மாதம் சமாதானம் சொல்லிக்கொண்டார். தொட்டியில் விரிசல், மிதவையில் பழுது, பக்கத்து வீட்டுக்காரன் திருடுகிறான். போன வாரம் சமையலறைச் சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறிய பிறகுதான் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இங்கதான்" என்றார் குழாய்க்காரர். அந்த மூலையில், சிமெண்ட் பூச்சின்மேல் கம்பி நின்றிருந்தது. "சும்மா கடகடன்னு ஓடுது. நீங்களே கேளுங்க."

ரசமட்டம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கம்பியில் காதை வைத்தார். சின்னச் சத்தம்தான். ஆனால் விடாமல் கேட்டது.

"இங்க ஏற்கெனவே யாரோ கொத்தியிருக்காங்களே?" என்று குழாய்க்காரர் பூச்சைத் தடவிப் பார்த்தார். "யாரு பாத்தது? கருவி வச்சா பாத்தாங்க?"

"கருவி எல்லாம் இல்ல. வெறும் காது."

"பலே! பெரிய ஆளுதான். இன்னும் ஒரு ஜாண் கொத்தியிருந்தா குழாயவே தொட்டிருப்பாரு. ஏன் விட்டுட்டாரு?"

ரசமட்டம் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனார்.

தளத்தை உடைக்க ஒரு மணி நேரம் ஆனது. தன் கையால் போட்ட கான்கிரீட் உடைவதை அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல கலவை. உடைய மறுத்தது. ஒரு காலத்தில் அதில் அவருக்குப் பெருமை இருந்தது. உள்ளே மண் முழுக்கச் சேறாகி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழியாகியிருந்தது. சேற்றை அள்ளிப் போட்ட குழாய்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வந்து பாருங்க மேஸ்திரி இந்த அநியாயத்த! எவனோ ஒரு புண்ணியவான் தளத்துக்கு அடியில ஜாயின்ட் போட்டிருக்கான். கத்துக்குட்டிகூட இப்படிச் செய்யமாட்டான். பசையும் சரியா பிடிக்கல. காயறதுக்குள்ள கான்கிரீட்டக் கொட்டிட்டான் போல. உங்க கண்ணுல மண்ணத் தூவிட்டு எவன் செஞ்சான் இத?"

அந்த நாளை ரசமட்டம் மறந்துபோயிருந்தார் என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். மறக்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது பார்த்துச் சமையலறைக்குப் போகும் குழாய் ஒரு முழம் போதவில்லை. அடுத்தவர் வீடாக இருந்திருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார். சொந்த வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு துண்டை வெட்டி ஒட்டினார். காயவிடவில்லை. தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் மேலே கான்கிரீட் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று அவள் முதல்முதலில் சொன்னபோது, சிரிப்பதற்கு முன்னால் அவருக்கு அந்த ஜாயின்ட்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அவர் ஒருநாளும் குனிந்து காது வைக்கவில்லை. தளம் தப்பென்று ஒத்துக்கொள்வதைவிட அவளுக்குப் பைத்தியம் என்று ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. பாவி மனுஷன்.

குழிக்குள் கையை விட்டு, சேற்றில் அந்த ஜாயின்டைத் தொட்டுப் பார்த்தார். "நான்தான் தம்பி செஞ்சேன்" என்றார்.

குழாய்க்காரரின் சிரிப்பு நின்றது. பழைய குழாயை அப்படியே அடைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் புதுக் குழாய் இழுத்துவிடலாம், இனி தரைக்கு அடியில் எதுவும் வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். ரசமட்டம் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். கையில் காய்ந்த சேற்றைக்கூடக் கழுவவில்லை.

விடுதியில் அது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஜன்னல் ஓரக் கட்டிலில் அவள் தலை வாரிப் பின்னி, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ சொன்னது சரிம்மா" என்றார், உட்காரக்கூடச் செய்யாமல். "தண்ணி ஓடுச்சு. ரெண்டு வருஷமா ஓடியிருக்கு. நீ கொத்தின இடத்துலயேதான்."

அவள் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. கதவுப் பக்கம் நின்றிருந்த நர்ஸை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. இப்பல்லாம் எதுவுமே கேக்கறதில்ல. வேணும்னா நர்சம்மாவக் கேளுங்க" என்று அவசரமாகச் சொன்னாள்.

"சோதிச்சுப் பாக்க வரலம்மா. நிஜமாத்தான். தரைய உடைச்சாச்சு, நான் கண்ணால பாத்தேன்."

"தரையா?" அவள் குரல் இறங்கியது. "பெரிசா உடைச்சிட்டேனா? நீங்க ஆசையா போட்ட தளம். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவருக்குத் தாங்கவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாற்பது வருஷத்தில் யாரிடமும் அழாத மனிதர், சிறு பிள்ளைபோல் தேம்பி அழுதார். குழாய் போதாததையும், ஒட்டியதையும், தெரிந்தே சொல்லாமல் இருந்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினார். "அடியில ஜாயின்ட் இருக்குன்னு எனக்குத் தெரியும். சத்தம் நிஜம். உனக்கு ஒண்ணுமே இல்ல. கெளம்பு, வீட்டுக்குப் போலாம்."

அவள் பொறுமையாகக் கேட்டாள். அவர் கையிலிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் பிழைத்துப் போயிருப்பார்.

"அழாதீங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இருக்குன்னே தோணும், சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவோம்" என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நர்சம்மா, கொஞ்சம் வாங்களேன். பாவம், இவருக்கும் கேக்க ஆரம்பிச்சிருச்சு."