மூன்றாம் எண் வண்டியின் வேகம்

1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நீலாம்பரி மோட்டார்ஸ் கம்பெனி கார் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டபோது, மூன்று பந்தய வண்டிகளையும் பதினொரு டயர்களையும் ஓட்டுநர்களின் தலைக்கவசங்களையும் கையுறைகளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போனது. மூன்றாம் எண் வண்டியின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை, இராஜபாளையத்தில் மூன்று மணி மில் சங்கு அடங்கியதும், அது சத்தியநேசனின் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தது. பதினெட்டுச் சுற்று. மூன்று நாற்பதுக்கு ஓய்ந்தது. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. புழுதியும் சத்தமும் பெட்ரோல் வாடையும் இருந்தன. அந்த வாரம் தக்காளி கிலோ நான்கு ரூபாய்.

சத்தியநேசன் மில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். 1984-இல் மில்லுக்கு வந்த நீலாம்பரி கம்பெனிக்காரர் ஒருவர், அவன் ஜீப்பைத் திருப்பிய விதத்தைப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவன் முதுகையும் இடுப்பையும் தையற்காரர் மாதிரி அளந்து, அவனுக்கென்றே ஓர் இருக்கை செய்தார்கள். பந்தய வண்டியின் இருக்கை அப்படித்தான். ஒருவனுக்குச் செய்தது இன்னொருவனுக்குச் சேராது. ஏழு வருஷம், தை மாசி மாதங்களில், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அவன் மூன்றாம் எண் வண்டியை ஓட்டினான். இரண்டு முறை கோப்பை வாங்கினான். ஒரு முறை வண்டி கவிழ்ந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. அன்று அதில் சுற்றிய பேண்டேஜ், அவன் மனைவி கிருபாபாய் வேலை பார்க்கும் கம்பெனியில் மடித்ததாகவும் இருந்திருக்கலாம்.

கிருபாபாய் அந்த ஏழு வருஷத்தில் ஒரு பந்தயத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை. எந்த வளைவில் மணல் கிடக்கும், எந்த இடத்தில் பிரேக் பிடிக்கவேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்று அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். பந்தய நாளில் பேண்டேஜ் துணி மடிக்கும் மேசை முன்னால் உட்கார்ந்தபடியே அவள் பதினெட்டுச் சுற்றையும் போய்வருவாள். வளைவு வரும்போது உடம்பு இடதுபக்கம் சாயும். வலது பாதம் சிமெண்டுத் தரையை அழுத்தும். அவன் ஒரு பந்தயத்தை ஒரு முறை ஓட்டினான் என்றால், பந்தயம் முடிந்து அவனிடமிருந்து தந்தி வரும்வரை அவள் அதைப் பத்துமுறை ஓட்டியிருப்பாள். பத்துமுறையும் வண்டி கவிழும். தன் பயத்துக்கு ஒரு அளவு இருக்கிறதா என்று அவள் சில நேரம் யோசித்ததுண்டு. கையை உள்ளே விட்டால் அடி தட்டுப்படாத பானை மாதிரி இருந்தது அது.

1991 ஈஸ்டருக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். வேதக்கோவில் என்று ஊரார் சொல்லும் சர்ச்சில் ஜெப விண்ணப்பச் சீட்டுப் போடும் பெட்டி உண்டு. வியாதி, பரீட்சை, கல்யாணம் என்று எழுதிப் போடுவார்கள். போதகர் ஐயர் வாசித்து ஜெபிப்பார். கிருபாபாய் எழுதினாள்: ‘என் புருஷன் இனிமேல் அந்த வண்டியில் ஏறக்கூடாது.’ பெயர் போடவில்லை. மூன்று மாதத்தில் நாட்டில் டாலர் தீர்ந்துபோனது. அரசாங்கத்தின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். உதிரிபாகங்கள் கப்பலில் வருவது நின்றது. கார் வாங்க ஆள் இல்லை. ‘நாட்டின் பொருளாதார நிலையை முன்னிட்டு’ என்று கம்பெனிக் கடிதம் தொடங்கியது. அதைப் படித்தபோது கிருபாபாய்க்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நிமிஷமே, ஒரு தேசத்தையே தன் சீட்டு இப்படி ஆக்கிவிட்டதோ என்று பயம் வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வேகம் சுற்ற ஆரம்பித்த முதல் வருஷம் அதன் வட்டம் பெரிதாக இருந்தது. நான்கு தெருக்களை உள்ளடக்கி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய் வந்தது. சனங்கள் தினமும் மூன்று மணிக்குள் மிளகாய் வற்றலை அள்ளிவிடுவார்கள், கோழிகளைக் கூடையால் கவிழ்த்துவிடுவார்கள். நகராட்சிக்கு ஒரு மனு போனது. வண்டியின் பதிவு எண் இல்லாததால் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு அய்யம்மாள் மட்டும் அதை மெச்சிக்கொண்டாள்.

“ஏட்டி கிருபா, உங்க வீட்டு வண்டி மூணுன்னா மூணுக்கு வந்துருது. செங்கோட்டை பாசஞ்சருக்குத்தான் ரோசம் இல்ல.”

இரண்டாம் வருஷம் வட்டம் குறுகத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி விடுபட்டது, பிறகு பின்தெரு, பிறகு கிணறு. நாளுக்கு ஒரு முழம் என்று கிருபாபாய் கணக்கு வைத்திருந்தாள். வட்டம் சிறுத்தும் சுற்றும் நேரம் குறையவில்லை. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சத்தியநேசன் அப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் கல்லூரி பஸ் ஓட்டினான். சாயங்கால ட்ரிப்பை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்தாவது மூன்று மணிக்கு வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவான். பேசமாட்டான். கண்கள் மட்டும் இடமிருந்து வலமாக, இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருக்கும். அவன் மெலிந்துகொண்டே வந்தான். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டாயிற்று. வட்டம் வாசற்படியைத் தொடும் நாளில் இவன் எழுந்து ஏறிவிடுவான், பிறகு இறங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. சீட்டில் வண்டி என்றுதான் எழுதினோம், வேகம் என்று எழுதவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

1993 ஆனி மாதம் அவள் கம்பெனியில் கழித்த பேண்டேஜ் துணி இரண்டு பீஸ் வாங்கிவந்து, துவைத்து, வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் குறுக்கே கட்டிக் காயப்போட்டாள். மூன்று மணிக்கு வேகம் அதற்குள் பாய்ந்தது. துணி ஒரு கணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. நீண்ட மூக்கு, நான்கு சக்கரம், நடுவில் ஒரு குழி. அவ்வளவுதான் பார்த்தாள், துணி கிழிந்து பறந்துவிட்டது. குழி காலியாக இருந்தது. ஆளுக்காகக் காத்திருக்கும் குழி. அன்று அவள் சோறு வடிக்கும்போது அதையே நினைத்துக் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

கால் புண்ணுக்குக் கற்றாழை கொண்டுவந்த அய்யம்மாள்தான் யோசனை சொன்னாள். அவளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

“எங்க ஊர்ல ஆண்டிச்சாமின்னு ஒருத்தர் இருக்காரு. தேருக்கு முட்டுக்கட்டை போட்டவுக. அம்புட்டுப் பெரிய தேரே அவிய கட்டைக்கு நிக்கும். இது என்ன, சுண்டெலி.”

“நாங்க வேதக்காரவுக. எங்க வீட்டுக்கு வருவாகளாக்கா?”

“அவருக்குச் சக்கரம்தாண்டி கண்ணுல படும். வீடு எங்க படப்போவுது?”

ஆண்டிச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்தார். சாக்கில் இரண்டு முட்டுக்கட்டைகள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கட்டைகளுக்கும் டிக்கெட் கேட்ட கண்டக்டரை ஊர் வரும்வரை வைதுகொண்டே வந்ததாகச் சொன்னார். காப்பி குடித்தார். பிறகு தரையில் பதிந்திருந்த தடத்தைக் குனிந்து விரலால் அளந்தார். அது அன்றைக்கு வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

“இது எங்க கெளம்புச்சு, எங்க போய்ச் சேரணும்?” என்று கேட்டார்.

சத்தியநேசன் ரொம்ப நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தான். “கடைசிப் பந்தயம் ஒண்ணு பாக்கி அண்ணாச்சி. பேர் குடுத்திருந்தோம். கம்பெனி விலகிருச்சு. கொடி விழல.”

“அப்ப நிலைக்கு வராத தேரு.” ஆண்டிச்சாமி தலையை ஆட்டினார். “நான் நிறுத்திருவேன். அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா நடுத்தெருவுல நிறுத்திப்போட்டுப் போற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. யாராவது ஏறி நிலையில சேக்கணும். அத இப்பவே பேசிக்கிடுங்க.”

சத்தியநேசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். கிருபாபாய் அதைப் பார்த்தாள். வண்டியை நிறுத்த ஆளைக் கூட்டிவந்தவளே அவன் ஏற வழியைத் திறந்துவிட்டாள்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. வாசலுக்குக் குறுக்கே புதுப் பேண்டேஜ் துணி கட்டியிருந்தது. ஆண்டிச்சாமி படிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டை போடுகிறவர் நிமிர்ந்து தேரைப் பார்க்கக்கூடாது, சக்கரம் தொடும் மண்ணைத்தான் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பார்த்தால் கை பின்வாங்கிவிடும். அவர் மண்ணைப் பார்த்தபடியே இரண்டு சுற்றுகளைப் போகவிட்டார். மூன்றாவதில் இரண்டு கட்டைகளையும் ஒரே தள்ளில் உள்ளே கொடுத்தார். மரம் அலறியது. முருங்கை மரம் இலை முழுவதையும் உதிர்த்தது. பிறகு, இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, அது ஓட்டத்தின் நடுவில் நின்றது. பேண்டேஜ் துணி மெல்ல அதன்மேல் இறங்கிப் படிந்தது.

சத்தியநேசன் அவசரப்படவில்லை. ஜீப்பில் ஏறுகிறவன் மாதிரி காலைத் தூக்கிக் குழிக்குள் வைத்தான். முட்டி இடித்தது. பக்கவாட்டில் நுழைந்து பார்த்தான். அத்தனை மெலிந்தும் இடுப்பு இறங்கவில்லை. தோள் இரண்டு பக்கமும் தட்டியது. இறங்கி நின்று, துணி காட்டிய குழியை வெறித்துப் பார்த்தான்.

“இது என் அளவு இல்ல” என்றான்.

கிருபாபாய் கிட்டப் போனாள். குறுகிய தோள். தலை சாயும் இடத்தில் கொண்டைக்கு ஒரு பள்ளம். வருஷக்கணக்காக மேசை முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் வரும் இடதுபக்கச் சாய்வு. பெடல் கிட்டத்தில் இருந்தது, அவள் கால் எட்டும் தூரத்தில். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை காலம் அவனுக்காக என்று நினைத்துக் கும்பிட்டதும் பயந்ததும், ஒரு வளைவு விடாமல் தானே ஓட்டியதும் கோர்வையாக நினைவுக்கு வந்தன. பானைக்கு அடி இருந்தது. அது அங்கேதான் இருந்தது. அதைத் தொட்டபோது முன்பைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“கிருபா, வேண்டாம்.”

“மூணாவது வளைவுல எங்க பிரேக்கப் பிடிக்கணும்?”

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள். “பிடிக்கக் கூடாது. அப்படித்தானங்க?”

ஆண்டிச்சாமி தலை நிமிராமல் கேட்டார்: “ஏறியாச்சா? எடுக்கட்டுமா?”

பதினெட்டுச் சுற்று அன்று வீட்டைச் சுற்றி நடக்கவில்லை. அது தெருவை விட்டு, ஊரை விட்டு வெளியேறியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் பூக்காரிகளின் கூடைகள் பதினெட்டு முறை கவிழ்ந்தன. கூமாப்பட்டியில் வயலில் நின்றவர்கள் நாற்று ஒருபக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு மழை வருகிறதென்று வீட்டுக்கு ஓடினார்கள். மூன்று நாற்பதுக்கு அவள் வாசலில் இறங்கினாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. மூக்குக் கண்ணாடியில் விட்டில் பூச்சிகள் ஒட்டியிருந்தன. ஆண்டிச்சாமி தனக்கு வேலை முடிந்தது என்று ஒரு கட்டையைச் சாக்கில் போட்டுக்கொண்டார். மற்றதைச் சத்தியநேசனிடம் கொடுத்தார்.

“நிலைக்கு வந்துருச்சு. ஆனா தேருன்னா வருசா வருசம் ஓடத்தான செய்யும்? வச்சுக்கப்பா.”

அது வருஷத்துக்கு ஒரு முறையோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வந்து கிணற்றடியில் காத்திருந்தது. கிருபாபாய் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறுவாள். மற்ற நாளில் பேண்டேஜ் கம்பெனிக்கு டவுன் பஸ்ஸில்தான் போனாள். ஏன் ஏறுகிறாய் என்று சத்தியநேசன் ஒரு தடவை கேட்டான். ஏறும்போது பயமாக இருக்கிறது, ஏறாமல் இருக்கும்போது அதைவிடப் பயமாக இருக்கிறது என்றாள். அந்தச் சீட்டைப் பற்றியும் அன்றுதான் அவனிடம் சொன்னாள். வட்டம் மதுரைவரை விரிந்தபோது அய்யம்மாள் அங்கிருந்து தாழம்பூ வாங்கிவரச் சொல்லிப் பார்த்தாள். வழியில் நிற்க முடியாதென்று கிருபாபாய் மறுத்ததில் அய்யம்மாள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். நீலாம்பரி கம்பெனி 1996-இல் மூடப்பட்டது. ஆண்டிச்சாமி அதற்கு அடுத்த வருஷம் இறந்துபோனார்.

சத்தியநேசனுக்கு மறுபடி உடம்பு தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் முடிந்ததும் விண்ணப்பப் பெட்டி முன்னால் பேனாவோடு நிற்பான். எந்த வார்த்தையைப் போட்டால் எது நின்றுபோகும், எது நிற்காமல் போகும் என்று யோசிப்பான். யோசித்து, அவள் பெயரை மட்டும் எழுதி மடித்துப் போட்டுவிட்டு வருவான். மத்தியானம் கட்டையோடு வாசற்படிக்குக் கீழே குத்தவைத்து, மண்ணைப் பார்த்துக்கொண்டு, சுற்றுகளை எண்ணுவான். அவன் வலது பாதம் தரையை அழுத்தும். பதினெட்டு ஆனதும் கட்டையை உள்ளே கொடுப்பான். புழுதி அடங்கும். நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்பதால், அதில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் மூச்சு விடுவதில்லை.

“தண்ணி கொண்டாங்க” என்று அவள் குரல் வரும். அவன் எழுந்துபோய்ச் செம்பில் மோந்து வருவான்.