அந்தப் பக்கத்துப் பெடல்

வண்டியை ஒர்க்ஷாப்புக்குள் பின்பக்கமாக ஏற்றும்போதே ரிவர்ஸ் கியர் இரண்டு முறை கத்தியது. வேறொரு வண்டிக்கடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டி, "யாருங்க அது, கியரோட கழுத்தை அறுக்கிறது?" என்றார்.

அவள் இறங்கி நின்றாள். வண்டி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சொந்தமானது. கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலையோடு நிலையத்தின் மாடியில் ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். அறைக்கு ஜன்னல் இருந்தது, கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. கணவனை விட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில், சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் படுத்து வந்தவளுக்கு அந்தத் தாழ்ப்பாள் பெரிய விஷயம். அண்ணன் பிள்ளைகளின் பள்ளிப் பைகளும் பழைய டயர்களும் இருந்த அந்த அறைக்குள் யாரும் கதவைத் தட்டிவிட்டு வந்ததில்லை.

முதல் நாளிலிருந்தே கியர் கத்தியது. மேனேஜர் அன்று காலை பட்டென்று சொல்லிவிட்டார். "மெக்கானிக் பார்க்கட்டும்மா. கோளாறு வண்டியிலன்னா சரி பண்ணிக்கலாம். உங்ககிட்டன்னா வேற ஆள்தான் பாக்கணும். நடுவழியில கியர் பெட்டி உடைஞ்சு நின்னா சாம்பிள் பூரா வீண்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எந்தக் கியர்ல கத்துது?"

"எல்லாத்துலயும். ரிவர்ஸ்ல ரொம்ப."

"ஒண்ணு மட்டும் கத்தினா அந்தக் கியரோட வளையம் தேஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். குடும்பமே சேர்ந்து கத்தினா காரணம் வெளியிலதான் இருக்கும்."

அடியில் புகுந்து ஒரு திருகைக் கழற்றி, கியர் ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஒவ்வொரு கியராகத் தள்ளினார். எல்லாம் வெண்ணெயாக விழுந்தன. கிளட்ச் கேபிளை இழுத்துப் பார்த்தார், பெடலுக்கடியில் மிதியடி சுருண்டு தடுக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை. தெருமுனைவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார்.

வேறு யாராக இருந்தாலும் வண்டி நன்றாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படுவார்கள். அவளுக்கு, ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"இப்ப நீங்க ஓட்டுங்க." அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கியர்க் கம்பியைப் பார்க்காமல் அவள் இடது காலையே பார்த்தார். கியர் கத்தியது.

"கிளட்ச்ச அமுக்குங்க."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாதிதாங்க போயிருக்கு. அடிவரைக்கும் போகணும்."

"இதுக்கு மேல போகமாட்டேங்குதே. இந்த வண்டியில பெடல் ரொம்பக் கெட்டி. நான் கத்துக்கிட்ட வண்டியில காலை வெச்சாலே போதும். தானா உள்ள இறங்கும்."

"தானா இறங்குற பெடலை இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் செய்யலீங்க. யாரு கத்துக்கொடுத்தது?"

"எங்க அண்ணன். பெட்ரோல் பங்குக்கு எதிர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரே, அவருதான்."

மெக்கானிக் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பயிற்சி வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இரண்டு பக்கமும் கம்பியால் கட்டியது. அங்கே அமுக்கினால் இங்கேயும் இறங்கும்.

"உங்க அண்ணன் வண்டிக்கும் நான்தான் வேலை பாக்கிறேன்" என்றார் மெதுவாக. "கத்துக்கிறவங்க பக்கத்துல பெடல் ரப்பர் புதுசாட்டம் இருக்கும். அவரு பக்கத்துலதான் தேஞ்சு தேஞ்சு கண்ணாடியா இருக்கும். நானே ரெண்டு தடவை மாத்திக் கொடுத்திருக்கேன்."

அவள் இன்ஜினை அணைத்தாள்.

"கேபிள் லூஸா இருந்துது, மாத்திட்டேன்னு மேனேஜர்கிட்ட வேணா சொல்றேன். ஆனா நாளைக்கு நீங்க எடுத்ததும் மறுபடி கத்தும். அப்ப ரெண்டு பேரையும் சேர்த்துக் கேப்பாரு."

"ஒரு வாரத்துல கத்துக்க முடியாதா?"

"முடியும். கால் பழக்கம்தானே. ஆனா ரத்தப் பெட்டிய வெச்சுக்கிட்டுப் பழக முடியாதுல்ல."

அவள் தலையசைத்தாள். அவர் மேனேஜருக்குப் போன் செய்து, வண்டியில் குறை இல்லை என்று சொன்னார். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. மேனேஜரும் எதையும் கேட்கவில்லை போலிருக்கிறது, பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. மாடி அறையின் சாவியை அவள் அன்று மதியமே கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையோடு உள்ளே வந்தவளைப் பார்த்து, "எனக்குத் தெரியும். அதனாலதான் உன் தட்டை நான் இன்னும் எடுத்து உள்ள வெக்கல" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அருவாமனையைத் தள்ளி இடமும் விட்டாள்.

அவள் உட்காரவில்லை. வாசலில் நின்ற பயிற்சி வண்டியின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். மெக்கானிக் சொன்னது போலவேதான் இருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. அந்தப் பக்கத்தில் வழவழவென்று அண்ணனின் முன்பாத அளவுக்குப் பள்ளம்.

"என்னம்மா தேடுற?" அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"டெஸ்ட் அன்னைக்கும் நீதான் மிதிச்சியாண்ணா?"

அவர் மழுப்பவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான். காலு வராம அழுவாங்க. கொஞ்சம் அமுக்கி விட்டா நல்லா ஓட்டுறோம்னு சந்தோஷமாப் போவாங்க. கியர் பெட்டியும் தப்பிக்கும்."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

"இப்ப என்ன ஆயிடுச்சு? லைசென்ஸ் கேட்ட, எடுத்துக் கொடுத்தேன். நீ நெசமாவே ஓட்டப் போவேன்னு யாரு நெனச்சா?"

எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத முகம். இன்று என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னார். இந்த வாழ்க்கையில் யார் கையையும் பிடிக்காமல் தானாகச் செய்தது இது ஒன்று என்று அவள் அந்த லைசென்ஸ் அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"உக்காரு. ஓட்டணும்" என்றாள்.

"இப்பவா?"

"காலை ரெண்டையும் சீட் மேல மடக்கி வெச்சுக்க."

சிரித்துக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் மிதித்துக் கம்பியைத் தள்ளினாள். கியர் கத்தியது. அடுத்த நொடி அவள் பாதத்துக்கடியில் பெடல் தானாக, வெண்ணெய்போல உள்ளே இறங்கியது. சத்தம் நின்றுவிட்டது.

"காலை எடுண்ணா."

"வேணும்னு செய்யலம்மா. பழக்கம்."

திரும்பவும் அதேதான் நடந்தது. மூன்றாவது முறை அவள் இன்ஜினை அணைத்து, கை நீட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "இறங்கு."

அவர் இறங்கினார். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் வண்டியை நகர்த்தினாள். இரண்டாவதற்கு மாற்றியபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கியர் கத்தியது. அண்ணன் செருப்பில்லாமல் கூடவே ஓடிவந்தார்.

"கியர் பெட்டி போயிடும்! நாளைக்குக் கிளாஸ் இருக்கு. அதுதான் சோறு போடுது."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கம்பியை நடுவுக்கு எடுத்து, தொடை நடுங்கும் வரை இடது காலை அழுத்தி, மறுபடி இரண்டாவதற்குத் தள்ளினாள். இன்னும் கத்தியது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. தெருமுனையில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினாள். பின்னால் அண்ணன் மூச்சிரைக்க நின்றுவிட்டிருந்தார்.