பன்னிரண்டாம் அத்தியாயத்து வட்டம்

சிட்டு நாவல் எழுதியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோதே மெய்ப்புக்காரிக்கு வயிறு எரிந்தது. அந்த நாவலுக்கு நீதான் மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் காகிதக் கட்டை மேசையில் போட்டாரே, அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதை.

இருவருக்கும் ஒரே பதிப்பகம், ஒரே தளம். இவள் பதினொரு வருஷமாக அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துகிறவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சிட்டு விளம்பரப் பிரிவு. மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சிநேகிதிகள். சாப்பிட்டு முடித்த மிச்ச நேரத்தில் கணினியில் தட்டித் தட்டியே எட்டு மாதத்தில் ஓர் அமானுஷ்யக் காதல் நாவலை முடித்துவிட்டாள் சிட்டு. முடித்ததுகூடப் போகட்டும். கதாநாயகி யார் தெரியுமா? விக்கா என்ற மேல்நாட்டு இயற்கை வழிபாட்டுச் சமயத்தைப் பின்பற்றுகிற ஒரு சூனியக்காரி!

அங்கேதான் இவளுக்கு நெஞ்சு வெடித்தது. விக்கா இவளுடையது. ஒன்பது வருஷமாக, மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், கூட்டத்தை நடத்துகிற, ஓய்வுபெற்ற நர்ஸக்காவின் வீட்டு மாடியில், சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, புகை எச்சரிக்கை மணி அலறாமலிருக்க அதற்குத் துணி சுற்றிவிட்டு, ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக நின்று இயற்கையையும் தேவியையும் வணங்குகிறார்கள். அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்று இவள் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒன்பது வருஷமாகத்தான். இப்போது இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறது. ஆசைப்பட்டாளே என்று சிட்டுவை இரண்டு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் இவளேதான். வந்தவள் சும்மாவா இருந்தாள்? கண்ணாலேயே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

"உனக்குத்தான்டி இதெல்லாம் தெரியும்," என்றாள் சிட்டு, மேசை மேல் குனிந்து. "மந்திரம் வர்ற இடமெல்லாம் நல்லாப் பாத்துக் குடு. தப்பா இருந்தா அடிச்சுத் தள்ளு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"பாக்கறேன், பாக்கறேன். என் வேலையே அதுதானே."

பார்த்தாள். கதாநாயகன் முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு கட்டடக் கலைஞனின் ஆவி. உடம்பே இல்லாதவனுக்கு மார்பு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் விம்மியது. சூனியக்காரி பிசாசைக் கூப்பிட்டாள். விக்காவில் பிசாசே கிடையாது. இவள் சிவப்பு மையால் அடித்தாள். சூனியக்காரி சடங்குக் கத்தியால் உள்ளங்கையைக் கீறி ரத்தம் சொட்ட விட்டாள். அந்தக் கத்தியால் இவர்கள் வட்டத்தில் ஒரு காய்கூட நறுக்கியதில்லை; அதையும் இவள் அடித்தாள். பத்தொன்பது இடங்களில் திருத்தினாள், ஒழுங்காகத்தான் திருத்தினாள். தொல்லை என்னவென்றால், கதை நன்றாக இருந்தது. தான் கட்டிய வீட்டிலேயே கதவு எங்கே என்று தெரியாமல் அந்த ஆவி சுவரைத் தடவிக்கொண்டு நின்ற இடத்தில் இவள் அழுதே விட்டாள். அழுததைத்தான் இவளால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தது. மங்கி மறைந்துகொண்டிருக்கும் காதலனைத் தன்னிடம் வரவழைக்க, மெழுகுவத்திகளுக்கு நடுவே வட்டமிடுகிறாள் சூனியக்காரி. 'கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக மூன்று முறை சுற்றினாள்' என்று எழுதியிருந்தாள் சிட்டு. நர்ஸக்கா வீட்டில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்: ஒன்றை வரவழைக்க வேண்டுமானால் முள் போகிற பக்கம் சுற்று, விரட்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கம் சுற்று. ஆக, நாவலின் உச்சக் காட்சியில் கதாநாயகி 'வா, வா' என்று கண்ணீர் விட்டுக்கொண்டே காதலனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள். விஷயம் தெரிந்தவர்கள் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. பேனா அந்த வரிக்கு மேலேயே நின்றது. சிரிக்கட்டுமே, என்று நினைத்தாள். எட்டு மாசத்தில் எழுதிக் கிழித்தாயே, அனுபவி! பக்கத்தைத் திருப்பினாள். கடைசித் தாளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டாள்.

நாவல் வந்தது; பிய்த்துக்கொண்டு போனது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். சிட்டு அன்பாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதியை இவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் ஆடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினின் காலுக்கு அடியில் செருகினாள். கச்சிதமாக இருந்தது. தப்பைப் பிடித்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தினமும் வாசகர் கடிதங்களைத் துழாவினாள். வந்ததெல்லாம் செத்துப்போன கட்டடக் கலைஞனுக்குக் காதல் கடிதங்கள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நர்ஸக்கா சிட்டுவையும் அழைத்திருந்தாள். நர்ஸக்காவின் மடியில் நாவல் இருந்ததைப் பார்த்ததும் மெய்ப்புக்காரிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"கதை பிரமாதம்மா," என்றாள் நர்ஸக்கா சிட்டுவிடம். "ஆனா பன்னெண்டாம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு எதிர்ப்பக்கமாச் சுத்தறாளே, அவனை வரச் சொல்றாளா, போய்த்தொலைங்கறாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

"நீ எதுக்குச் சிரிக்கறே?" நர்ஸக்கா இவள் பக்கம் திரும்பினாள். "நன்றியுரையில உன்னைத்தானே போட்டிருக்கா." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள்: "'இதிலுள்ள மந்திரங்களை வரிக்கு வரி சரிபார்த்தவள் எங்கள் மெய்ப்புக்காரி. அவள் கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது.'"

இவள் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மெய்ப்புக்கு வரவே இல்லை. அச்சேறுகிற நேரத்தில் சேர்த்திருக்கிறாள் பாவி.

"ஒம்பது வருஷமா வர்றே. இதுகூடவா உனக்குத் தெரியாது?" என்றாள் நர்ஸக்கா.

தெரியாது என்றால் ஒன்பது வருஷமும் குப்பைக்குப் போகும். தெரியும் என்றால் அதைவிட அசிங்கம். இவள் வாயைத் திறப்பதற்குள் சிட்டு குறுக்கே புகுந்தாள்.

"அய்யோ, அவ மேல தப்பே இல்லக்கா! அவ சரியாத்தான் திருத்திக் குடுத்தா. நான்தான் கடைசியில மறுபடி மாத்தித் தொலைச்சிட்டேன்."

பச்சைப் பொய். சொல்லிவிட்டு, விடுடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அசதியில் விட்டுப்போயிருக்கும் என்றுதான் அவள் நம்பினாள்.

"என்ன நல்ல மனசு பாரு இந்தப் பொண்ணுக்கு," என்று நர்ஸக்கா சிட்டுவின் கன்னத்தைத் தட்டினாள்.

மெய்ப்புக்காரி தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எப்படி இருப்பாள்? நாவல் அவளுக்கு, பேரும் புகழும் அவளுக்கு, நர்ஸக்காவும் அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பட்டமும் அவளுக்கா? அதுவும் என்னைக் காப்பாற்றியா?

"அவ பொய் சொல்றா," என்றாள். "நான் திருத்தவே இல்ல. தப்புன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்."

சிட்டுவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏன்டி?"

"வயித்தெரிச்சல்டி, வேற என்ன? எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிக்கணும்னு இருந்தது."

சொன்ன கையோடு இவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி உடைத்துச் சொல்ல எவளுக்குத் தைரியம் வரும்? திட்டவாவது எல்லோரும் தன் பக்கம் திரும்புவார்கள் என்று நிமிர்ந்து நின்றாள். சிட்டு சோபா விளிம்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். நர்ஸக்கா ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அத்தனை பேரும் சிட்டுவைச் சூழ்ந்துகொண்டார்கள். இவளைத் திட்டக்கூட ஒருத்தியும் வரவில்லை.